சம்பந்தியின் குடும்பப் பெயர்

நீண்ட கைப்பிடி வைத்த சிறு செப்புக் குவளையில் அவர் எனக்குக் கோப்பி காய்ச்சிக்கொண்டிருந்தார். அப்போது அவர் சம்பந்தி ஆகவில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய டண்டினொங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பொஸ்னியாவில் போருக்குத் தப்பி வந்தவர். என் மகனும் அவர் மகளும் மணம் செய்ய விரும்பினார்கள். வேற்று மதம் என்று நான் தயங்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் சம்பந்தம் பேசுமுன் செய்வதைச் செய்தேன். ஆட்கள் யார் என்று விசாரித்தேன்.

நேராகக் கேட்கவில்லை. பெர்பெரொவிச் என்ற அவர்கள் குடும்பப் பெயருக்கு என்ன பொருள் என்று சும்மா கேட்பவன்போலக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. 'பெர்பெர்' என்றால் முடி திருத்துபவர். பாட்டனின் பாட்டன் ஆற்றங்கரைப் பட்டினமொன்றில் சவரம் செய்து, பல்லும் பிடுங்கி, பையன்களுக்குச் சுன்னத்தும் செய்தவராம். "ஊரே அவருடைய கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தது. அவ்வளவு நம்பிக்கை," என்று சிரித்தார்.

நான் கோப்பியைக் குடித்து முடிக்கவில்லை. ஊரில் அந்தத் தொழில் செய்தவரை என் தகப்பனார் கதிரையில் இருத்தியதில்லை. சாதி ஒழியவேண்டும் என்று மேடையில் பேசியவன் நான்.

"இஞ்ச ஆர் அதைப் பாக்கினம்? உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. பெண்ணின் தகப்பன் தங்கள் மதத்திலேயே மாப்பிள்ளை தேடுகிறார் என்று மகனிடம் பொய் சொன்னேன். மகன் அவளிடம் கேட்டான், அவள் தகப்பனிடம் கேட்டாள். மூவருமாக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் வாய் திறக்குமுன் மனைவி மகனிடம் சொல்லிவிட்டாள்: "அப்பா அந்தப் பேரின்ர பூர்வீகத்தைக் கேட்டுப்போட்டு வந்துதான் இதைச் சொன்னவர்."

அவருக்கு மகன் ஆங்கிலத்தில் விளக்கினான். அவர் கோபப்படவில்லை.

"எங்கள் ஊரில் பெயரைப் பார்த்துத்தான் வீடுகளை எரித்தார்கள். உனக்கும் அப்படி நடந்தது என்றாயே. அதனால்தான் உன்னிடம் சொன்னேன்."

திருமணத்துக்கு மனைவியை மட்டும் அழைத்தார்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். மகன் என் பெயரை நீக்கி, பெர்பெரொவிச் என்று பதிந்துகொண்டான்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பெயரின் கதையை அம்மப்பா அவளுக்குச் சொல்லிவிட்டாராம். மகன் வீட்டுக்குப் போய்வந்த மனைவி, நேற்று சமைத்தபடியே சொன்னாள்:

"அப்பப்பான்ர பேர் என்னெண்டு கேட்டவள். சொன்னனான். அது ஏன் எங்கட பேரில இல்லையெண்டு கேக்கிறாள். நான் என்னண்டு சொல்ல?"