கராச்சியை நூலால் அளந்தவர்

எங்க வீட்டுக்காரர் சாம்ராஜுக்கு வாய் நீளம். தங்கச் சுரங்கத்துல லேம்ப் ரூம் வேலை. ஷிப்ட் எறங்கற ஆளுங்களுக்குத் தலையில மாட்டற லேம்பை எடுத்துக் குடுக்கணும், ஏறி வந்ததும் திருப்பி வாங்கி வெக்கணும். அவ்வளவுதான் வேலை. ஆனா இவரு சும்மா குடுக்க மாட்டாரு. "உலகத்துல நீளமான ஆறு எது, சொல்லு"ம்பாரு. தெரியாதவனுக்கு அவரே பதில் சொல்லி, எத்தனை மைல்னும் சொல்லி அனுப்புவாரு. பின்னால நிக்கறவன், "அண்ணே, ஆறு அப்புறம் ஓடட்டும், எறங்கற கேஜ் கூண்டு போயிடும்"னு கத்துவான்.

எழுபத்தொண்ணு டிசம்பர்ல சண்டை வந்துச்சு. நாங்க குடியிருக்கற கோரமண்டல் லைன்ல, ராத்திரி ப்ளேன்காரனுக்கு வெளிச்சம் தெரியக்கூடாதுன்னு வீட்டுக்கு வீடு ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொல்லிட்டுப் போனாங்க. சண்டை இன்னாத்துக்குன்னு இவரைக் கேட்டேன். கராச்சிக்காரன் நாட்டுல ஓட்டு வாங்கி ஜெயிச்சவனுக்கு நாற்காலி தரலயாம். அங்க நாற்காலி தராததுக்கு நான் இங்க பசை காய்ச்சணுமா? நல்ல நியாயம்!

நான் பசை காய்ச்சிகினு இருக்கறப்போ, இவரு என் தையல் பெட்டியில கைய வுட்டு நூல்கண்டை எடுத்தாரு. எங்க ஒரே புள்ள பாபுவோட பழைய பள்ளிக்கூட மேப்பைச் சுவத்துல மாட்டி, கராச்சியில இருந்து நம்ம ஊருக்கு நூல் புடிச்சாரு.

"ஆயிரத்து நூறு மைல். வந்தாலும் திரும்பிப் போவ எண்ணெய் பத்தாது. எந்த மடையன் வருவான்?"

"வந்துட்டா?"

"நம்ம ஊருக்குச் சாவு மேல இருந்து வராது ஜெயசீலி. கீழ இருந்துதான் வரும்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. பாபு தினம் கீழதானே எறங்கறான்! "உங்க வாயில வசம்பு வெச்சுத் தேய்க்க"ன்னு திட்டினேன். பாபு சிரிச்சுகினே, "அப்பா கணக்கு தப்பாதும்மா"ன்னான்.

ஒரு வாரம் போயிருக்கும். பாபு காலை ஷிப்டுக்குப் போயிட்டான். இவருக்கு ரெண்டாவது ஷிப்ட், மத்தியானம் சாப்ட்டுகினு இருந்தாரு. 'டொம்'முனு ஒரு சத்தம். வீடு ஆடுச்சு. அலமாரியில இருந்து தட்டு உருண்டு வுழுந்துச்சு.

எங்க ஊர்ல கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும், கீழ பாறை வெடிச்சா மேல வீடு ஆடும்னு. தெருவுல அத்தனை பேரும் வெளிய வந்து சுரங்கத்து வாயி, ஷாஃப்ட் பக்கம் திரும்பினாங்க. இவரு மட்டும் எச்சில் கையோட நின்னு வானத்தைப் பார்க்கறாரு.

"பாம்தான் ஜெயசீலி! ப்ளேன் வந்துட்டான்! பாமேதான்!"

பக்கத்து வீட்டுப் பழனியம்மா புருஷனும் பாபு போன ஷிப்ட்தான். "இன்னாண்ணே, வராதுன்னு நீங்கதானே நூல் புடிச்சீங்க"ன்னு அழுதா.

"நூல் இன்னா நூல்! சிலோன்ல எண்ணெய் ஊத்திகினு வரக்கூடாதா? கப்பல்ல இருந்து கிளம்பக்கூடாதா?" அவரு போட்ட கணக்கை அவரே அடிச்சுகினு இருந்தாரு.

நான் அவரைத் தடுக்கல. நானும் அதையேதான் வேண்டிகினேன். கர்த்தரே, பாமா இருக்கட்டும். எவ வீட்டு மேலயாவது வுழுந்திருக்கட்டும், என் புள்ள இருக்கற எடத்துல வேணாம். இப்படி ஒரு ஜெபம் பண்ணவ நான். இதைப் பாதிரியார்கிட்ட கூட சொன்னதில்ல.

அப்புறம் ஷாஃப்டுக்கு ஓடினோம். கேஜ் ஏறி ஏறி வந்துச்சு. பழனியம்மா புருஷன் வந்துட்டான். இவரு நேரா லேம்ப் ரூமுக்குள்ள போயி, வர்றவங்க லேம்பை வாங்கி அதது எடத்துல வெச்சுகினே இருந்தாரு. பொழுது சாயறப்போ மூணு எடம் காலி. அதுல ஒண்ணு பாபுவோடது. கடைசி கேஜ்ல அவனைக் கொண்டாந்தாங்க. தலையில லேம்ப் எரிஞ்சுகினே இருந்துச்சு. இவருதான் அணைச்சாரு.

நாலஞ்சு நாள்ல சண்டை முடிஞ்சுது. ஜெயிச்சிட்டோம்னு தெருவுல பட்டாசு வெடிச்சாங்க. ஒவ்வொரு வெடிக்கும் இவரு எழுந்து எழுந்து உட்கார்ந்தாரு. லேம்ப் ரூம்ல அதுக்கப்புறம் யாரையும் கேள்வி கேக்கல. பசங்களே "அண்ணே, நீளமான ஆறு எது?"ன்னு கிளறினாலும், "தெரியாதுப்பா. பார்த்து எறங்கு"ன்னு லேம்பைக் குடுத்துடுவாரு.

மூணு வருஷம் ஆச்சு. மேப் சுவத்துலதான் கீது, நூலும் அப்படியே தொங்குது. எடுக்க எனக்குக் கை வரல. போன வாரம் ஒரு ப்ளேன் தாழ்வா பெங்களூர் பக்கம் போச்சு. சோத்துத் தட்டை வுட்டு எழுந்து போயி, அது மறையற வரைக்கும் தெருவுல நின்னு பார்த்தாரு. நான் போயி கையைப் புடிச்சேன்.

"அன்னிக்கு வந்திருக்கக் கூடாதா, ஜெயசீலி?"ன்னாரு.