ஒரு கண்ணுக்கு இரண்டு வேண்டுதல்

பாகலூரில் பால் வாங்கப் போனால் கேள்வி மூன்று மொழியில் வரும். தமிழ், தெலுங்கு, கன்னடம் எதுவானாலும் சந்தேகம் ஒன்றுதான்: குழந்தையின் இடது கண்ணில் என்ன? பதில் சொல்வதற்குள் தீர்ப்பும் அவர்களே சொல்லிவிடுவார்கள், வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாய் என்று. காவிரித் தண்ணீரில் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் எப்படித்தான் ஒத்துப்போகிறார்களோ! கோவில்பட்டியிலிருந்து நாத்தனாரும் போனில் அதையேதான் சொன்னாள்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்ததால் வந்தோம். மகள் பிறந்த சில வாரத்தில் இமைமேல் சிவப்பாய் ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தக்காளித் துண்டு மாதிரி உப்பி, கண்ணையே மூடிவிட்டது. "ரத்தக்குழாய்க் கட்டி. வருஷக்கணக்குல தானா வத்தும். ஆனா அதுவரைக்கும் கண்ணு மூடியே இருந்தா, அதுல பார்வை வராமலே போயிடும்" என்றார் பெங்களூர் டாக்டர். கரைத்துக் கொடுக்க ஒரு மாத்திரை எழுதினார். அது இந்தக் கட்டியை வற்றவைக்கும் என்று போன வருஷம்தான் வெளிநாட்டில் கண்டுபிடித்தார்களாம்.

மெடிக்கல் ஷாப்காரர் சீட்டைப் பார்த்தார். "இது பிபி மாத்திரையாச்சே, தாத்தாவுக்கா?"

"பாப்பாவுக்கு" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு உதறல். நாத்தனார் போனில், "ஏட்டி, பச்சப்புள்ள நெஞ்சு நின்னுரப் போகுது! ஊருக்கு வந்து கயிறு கட்டுங்க" என்றாள். "கட்டிட்டு அப்புறம் மருந்தப் பாப்பமே" என்றார் இவர்.

"அதுவரைக்கும் அவ கண்ணு காத்துக்கிட்டு இருக்குமா?" வீடே அதிரக் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, நெஞ்சுத்துடிப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் முதல் வேளை கொடுத்தார்கள். அப்புறம் எல்லாம் என் தலையில். வயிறு நிறையப் பால் குடித்த பிறகே மருந்து. பால் குடிக்க மறுத்தால் மருந்தை நிறுத்தி டாக்டருக்குப் போன். பயத்திலேயே எனக்குப் பாதி உயிர் போனது.

கட்டி கொஞ்சம் கொஞ்சமாய் மங்கி வற்றியது. ஒருநாள் காலையில் என் மகள் இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு வீட்டு ஓனர் ரத்னம்மா ஓடிவந்தாள். "நோடம்மா, பாரும்மா! எங்க அம்மன் கண்ணத் தொறந்துட்டா. பாப்பா மொதல் முடி தர்றேன்னு வேண்டிக்கிட்டேன்."

இவர் முகம் செத்துப்போனது. முதல் முடி குலசாமிக்கென்று இவரும் இவர் அக்காவும் ஏற்கெனவே வேண்டியிருக்கிறார்களாம்! அடப்பாவிகளா, இருப்பது ஒரு தலை. மாத்திரை கரைத்ததும் நான், பேச்சு வாங்கினதும் நான். முடிக்கு மட்டும் இரண்டு ஊர்ச் சண்டை. போனில் நாத்தனார் அழுகை, வாசலில் ரத்னம்மா மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு.

போதுமடா சாமி என்று கத்தரிக்கோலை எடுத்தேன். முன்னால் ஒரு கொத்தை ஒட்ட வெட்டி, பாகலூர் அம்மனுக்குப் பூமுடி கொடுத்தாயிற்று. மிச்சம் கோவில்பட்டிக்கு. இப்போது பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம். முன்பக்கம் மொட்டை, பின்பக்கம் சுருட்டை. இந்தத் தலையோடு என் மகள் என் மடியில் நின்று, ஜன்னலுக்கு வெளியே இரண்டு கண்ணாலும் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறாள்.