வந்து சேராத செடிக்கு வைத்தியம்

"மொத்தம் ஒம்பது இலை. இந்த ஏழாவது இலையில ஒரு கரும்புள்ளி இருக்கு, பாத்துக்குங்க. இது நோய் இல்லை, மச்சம். பொறந்ததுல இருந்தே இருக்கு. வழியில வந்த புள்ளின்னு பின்னாடி யாரும் சொல்லக் கூடாது."

பேசிக்கொண்டிருப்பவர் ஒரு செடி வியாபாரி. கேட்டுக்கொண்டிருப்பது ஒரு கைப்பேசி. மொட்டைமாடியில் மூன்றுகால் தாங்கியில் நிற்கும் அந்தக் கைப்பேசியிடம் அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். அதற்குள் ஒரு பேங்க் அதிகாரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர் நினைப்பு. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். மண்ணில் விரலை விட்டு ஈரம் காட்டுவார். அன்றைய செய்தித்தாளைச் செடியின் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தேதியைச் சத்தமாக வாசிப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள், யாரோ செடியைக் கடத்திவைத்துக்கொண்டு மிரட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

தெருவில் அவருக்கு 'அத்தாட்சி அண்ணன்' என்று பெயர். நேரில் கூப்பிடும்போது 'அண்ணன்' மட்டும்தான். அவர் தலை மறைந்த பிறகு முழுப் பெயர். வயது ஐம்பத்திரண்டு. ஒரு மின்விசிறிக் கம்பெனியின் கிடங்கில் இருபது வருஷம் பொறுப்பாளராக இருந்தவர். கம்பெனி இழுத்து மூடப்பட்டபோது வீட்டில் மிஞ்சியது மாடியிலிருந்த முப்பது தொட்டிகள். 'இதையே விக்கலாமே' என்று இணையத்தில் கடை போட்டுக் கொடுத்தவர் அவருடைய மனைவி. இன்று நூற்று நாற்பது தொட்டிகள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இலைகளை நம்பித்தான்.

மனிதர் பிறவியிலேயே சந்தேகப் பேர்வழி அல்ல. செடி வாங்கிய இரண்டு பேர்தான் அவரை அப்படி ஆக்கினார்கள். கார்டு மூலம் பணம் கட்டிச் செடியை வாங்குவது, வாங்கியதை வரவேற்பறையில் வைத்து அழகு பார்ப்பது, பிறகு பேங்குக்குப் போய் 'பொருள் சரியில்லை' என்றோ 'வரவே இல்லை' என்றோ புகார் கொடுப்பது. கொடுத்த மறுநாளே பேங்க், வியாபாரியின் கணக்கிலிருந்து பணத்தை உருவிக்கொள்ளும். ஏழு நாளுக்குள் நிரூபித்தால் திரும்ப வரும். இல்லாவிட்டால் செடியும் போச்சு, பணமும் போச்சு.

முதல் ஆள் 'வாடிய செடி வந்தது' என்றான். நம்மவர், கிடங்குப் பழக்கத்தில் எடுத்து வைத்திருந்த நாற்பத்திரண்டு நிமிட வீடியோவை அனுப்பப் பார்த்தார். அவ்வளவு பெரியதை பேங்கின் இணையதளம் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டது. "கொஞ்சம் வெட்டி அனுப்புங்களேன்" என்றார் மனைவி. "எதை வெட்டச் சொல்றே? எல்லாமே முக்கியம்!" என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். கெடு முடிந்தது. இரண்டாவது ஆளுக்கு வீடியோ வேண்டாம் என்று கைப்பட எழுதினார், பதினோரு பக்கம். 'எனக்குச் சிறு வயது முதலே தாவரங்கள் மீது ஈடுபாடு உண்டு' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தில், புகாரைப் பற்றிய பேச்சு எட்டாம் பக்கத்தில்தான் வருகிறது. அங்கே யாருக்கு அவ்வளவு பொறுமை? 'போதிய ஆதாரம் இல்லை' என்று பதில் வந்தது. தோற்றதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். இரண்டு பீரோ நிறைய ஆதாரம் வைத்திருக்கிற மனிதரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதுதான் அவருக்கு ஆறவே இல்லை.

அதன் பிறகு, கடைக்குக் கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், ஏற்கெனவே ரெண்டு டிஸ்ப்யூட் தோத்துட்டீங்க. இன்னும் ஒண்ணு தோத்தீங்கன்னா உங்க கணக்கையே மூடிடுவாங்க. அப்புறம் யாரும் உங்களுக்குப் பணம் கட்ட முடியாது."

"நான் திருடன் இல்லைம்மா."

"தெரியும் சார். ஆனா கணக்கை மூடுறது கம்ப்யூட்டர்."

அன்றிலிருந்து கூரியர்க்காரருக்குச் சனி பிடித்தது. பெட்டியை வாங்கினோமா, வண்டியில் போட்டோமா என்று போக முடியாது. கேமராவைப் பார்த்து நின்று, தன் பெயரைச் சொல்லி, பெட்டியைக் குலுக்காமல் எடை பார்த்து, "நல்ல நிலையில வாங்கிக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும்.

"அண்ணே, கல்யாணப் பொண்ணைக்கூட இவ்ளோ விசாரிச்சு அனுப்ப மாட்டாங்கண்ணே."

"பொண்ணு போன எடத்துல 'வரவே இல்லை'ன்னு யாராவது சொல்வானா? நீ பேரைச் சொல்லு."

மனைவியின் போக்கு வேறு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார்: 'செடிக்கு உடம்பு சரியில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்' என்று எழுதி, கீழே தன் கைப்பேசி எண். ஜனங்களும் கூச்சப்படாமல் கேட்பார்கள். சுருண்ட இலை, வெளுத்த இலை, பூச்சி அரித்த இலை என்று காலையிலிருந்து படங்கள் வந்து குவியும். "வியாபாரம் ஒருமுறைதான். ஆஸ்பத்திரி வாழ்நாள் முழுக்க நடத்துறா" என்று அத்தாட்சி அண்ணன் முணுமுணுப்பார். ஆனால் மனைவிக்குப் பிடிபடாத நோயாக இருந்தால், மருந்து சொல்வது அவர்தான்.

மூன்றாவது புகார் ஒரு திங்கட்கிழமை வந்தது. வீட்டுக்குள் வளர்க்கிற அகல இலைச் செடி, மாடியிலேயே வளர்த்தியான ஒன்று. 'பொருள் வந்து சேரவில்லை' என்று வாங்கியவர் எழுதியிருந்தார். அண்ணன் கூரியர்க்காரரைப் பிடித்து உலுக்கினார். கொடுத்ததற்குக் கையெழுத்து இருந்தது. ஆனால் அது கோழி கிண்டியது போல ஒரு கிறுக்கல். வாங்கியவர் போட்டதா, கொண்டுபோனவர் அவசரத்தில் போட்டதா என்று அந்தக் கிறுக்கலுக்கே தெரியாது. பெட்டி கிளம்பியதற்கு மலையளவு ஆதாரம் இருந்தது. போய்ச் சேர்ந்ததற்கு எள்ளளவு இல்லை.

மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பயந்துபோயிருந்தார், அதை மறைக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். அந்தச் செடியின் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். மூன்றாவது இலையின் ஓரத்தில் பூவாளி மூக்கு பட்டுக் கிழிந்த இடம்கூட அவருக்கு மனப்பாடமாகிவிட்டது.

நான்காம் நாள் மதியச் சாப்பாட்டின்போது மனைவி வழக்கம்போலக் கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டினார். "ஏங்க, இது ஏன் மஞ்சளாகுது? எனக்குப் புரியலை. ஒருத்தர் இன்னிக்குக் காலையில அனுப்பியிருக்காரு."

"தண்ணி ஜாஸ்தி. பாத்தாலே தெரியுதே, வேர் அழுக ஆரம்பிச்சிருக்கு. ஜன்னல் வெயில் வேற நேரா அடிக்குது. எந்த மடையன்…"

கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மூன்றாவது இலை. ஓரத்தில் கிழிசல்.

"இது நம்ம செடி."

"எல்லாமே நம்ம செடிதாங்க."

"இது வரவே இல்லாத செடி!"

ஆர்டரில் இருந்த எண்ணும் கைப்பேசியில் இருந்த எண்ணும் ஒன்றேதான். பேங்கிடம் 'வரவில்லை' என்று சத்தியம் செய்த மனிதர், அந்தச் செடி வாடுவதைப் பொறுக்க மாட்டாமல், 'மேடம், என் செடிக்கு என்ன ஆச்சு? ரொம்பக் கவலையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். பேங்குக்கு ஒருவர், செடிக்கு இன்னொருவர் பதில் சொல்வார்கள் என்று நினைத்தாரோ, அல்லது நினைக்கவே இல்லையோ. புருஷன் பெண்டாட்டி ஒரே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அண்ணன் துள்ளிக் குதித்து வீடியோவைத் தேட ஓடினார். மனைவி எச்சில் கையோடு வழியை மறித்தார். "நாப்பது நிமிஷமும் வேணாம், பதினோரு பக்கமும் வேணாம். நான் பாத்துக்கறேன்." ஒரே ஒரு பக்கம். மேலே, கிளம்பும் முன் எடுத்த படம். கீழே, அந்த ஆள் அனுப்பிய படம். இரண்டிலும் கிழிசலைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். நடுவில் அந்த ஆள் எழுதிய கேள்வி, தேதியோடு. 'என் செடிக்கு' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு. அவ்வளவுதான். "என் சின்ன வயசைப் பத்தி ஒரு வரியாவது…" என்று இழுத்துப் பார்த்தார் அண்ணன். மனைவி பொத்தானை அழுத்திவிட்டார்.

"இவருக்கு என்ன பதில் போடறது?" என்று பிறகு கேட்டார்.

"ஒண்ணும் போடாதே! வந்து சேராத செடிக்கு எதுக்கு வைத்தியம்?"

முடிவு வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் மனிதர் படாத பாடு பட்டார். கணக்கு மூடப்படுமே என்ற கவலை ஒரு பக்கம். அதை வெளியே சொல்லலாம். சொல்ல முடியாத கவலையும் ஒன்று இருந்தது. தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று, "இந்நேரம் எத்தனை இலை உதிர்ந்திருக்கும்?" என்பார்.

"எதுலங்க?"

"சும்மா கேட்டேன்."

பதின்மூன்றாம் நாள் காலை மின்னஞ்சல் வந்தது. 'புகார் விற்பனையாளருக்குச் சாதகமாக முடிக்கப்பட்டது.' அவர் மாடியில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்து மூன்று முறை படித்தார். பிறகு அழுதார். ஐம்பத்திரண்டு வயதில், நூற்று நாற்பது தொட்டிகளுக்கு நடுவில், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். கூரியர்க்காரர் படியேறி வந்தவர், சத்தம் போடாமல் திரும்பி இறங்கிப் போனார்.

"நல்லவேளை, தப்பிச்சோம்" என்று மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆள் நம்பரை பிளாக் பண்ணிடறேன். மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது."

"இரு."

கைப்பேசியை மனைவியின் கையிலிருந்து வாங்கினார். மஞ்சள் இலைப் படத்தைத் திறந்து, பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். "திருட்டுப் பய" என்றார். பிறகு ஆள்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க ஆரம்பித்தார்:

'தண்ணீரை உடனே நிறுத்தவும். ஜன்னலை விட்டு நாலடி தள்ளி வைக்கவும். இலையின் அடிப்பக்கம் தெரிவது போல இன்னொரு படம் அனுப்பவும்.'