பாராசூட் மடித்த கனகவல்லி

வடக்கே, தமிழர்கள் நிறைய வாழும் போபோடிப் பேட்டையில் கனகவல்லியின் புருஷன் சின்னதுரை, தன் சம்சாரம் ஏர்ஃபோர்ஸில் இருக்கிறாள் என்றுதான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். அவளைக் கேட்டால், "துணி மடிக்கிறேன்" என்பாள். இரண்டு பஸ் மாறி விமானத்தளத்துக்குப் போய், பைலட்களின் பாராசூட்டை நீள மேஜையில் விரித்து, கயிறு கயிறாகப் பார்த்து, மடித்துப் பையில் அடைத்து, அதற்குத் தானே பொறுப்பு என்று அட்டையில் கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

தொண்ணூற்றொன்பதில் கார்கில் சண்டை வந்ததும் லீவெல்லாம் ரத்து. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் நாளுக்கு மூன்று தடவை பறந்தார்கள். அவளையும் கூட வேலை பார்த்த ஜோசபினையும் சேர்த்து ஆறு பெண்கள் இடுப்பொடிய மடித்தார்கள்.

ஜூன் மாதம் ஒருநாள் தேசபக்தி ஜீப்பேறி வந்தது. விங் கமாண்டர் சுந்தரராமன், கூடவே ஒரு போட்டோகிராபர். போர்க்காலத்தில் பெண்கள் என்று பத்திரிகைக்குப் படம் வேண்டுமாம். அறையில் வெளிச்சம் போதாதாம். கனகவல்லி அப்போதுதான் மடித்து முடித்திருந்த பாராசூட்டைப் பிரித்து, மழையில் நனைந்த புல்தரையில் விரித்து, பெண்களைச் சுற்றி நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள்.

படம் எடுத்தானதும் சுந்தரராமன், "சட்டுன்னு மடிச்சிடுங்கம்மா. மூணு மணிக்கு நம்ம பயிற்சிப் பையன் விச்சு இதைக் கட்டிக்கிட்டுப் பறக்கணும்" என்றார்.

"ஈரமாயிருக்கு சார். காயவச்சு, முதல்லேர்ந்து பார்க்கணும். நாளைக்குத்தான் ஆகும்."

"யுத்த நேரத்துல இதெல்லாம் பார்க்க முடியுமா?"

"தாராளமா மடிக்கிறேன் சார். அட்டையில கையெழுத்து மட்டும் நீங்க போட்டுடுங்க." பேனாவை நீட்டினாள்.

அவரும் பதினைந்து வருஷம் பறந்தவர்தான். பேனாவைப் பார்த்தார். முந்தானையை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த ஜோசபினைப் பார்த்தார். பேனாவை வாங்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார். சாயங்காலமே கனகவல்லிக்கு மெமோ வந்தது: மேலதிகாரியை மதிக்கவில்லை.

பறக்க முடியாமல் போன ஆத்திரத்தில் மறுநாள் காலை விச்சு சண்டைக்கு வந்தான். இருபத்திரண்டு வயது. காயத் தொங்கிக்கொண்டிருந்த பாராசூட்டின் மடிப்பிலிருந்து, புல்தரையில் குத்தி ஏறியிருந்த ஒரு முள்ளை அவள் உருவி அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் குரல் இறங்கிவிட்டது.

"இனிமே எனக்கு நீங்க மடிச்சதுதான் வேணும்க்கா."

"ஏன், மத்த அஞ்சு பேரும் சமோசாவா மடிக்கிறாங்க? போய்ப் பற தம்பி."

மெமோவுக்கு ஒரே வரியில் பதில் எழுதினாள்: பாராசூட் நனைந்திருந்தது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுவாரம், எந்தப் பாராசூட்டும் படத்துக்காக வெளியே போகக்கூடாது என்று சுந்தரராமனின் உத்தரவு சுவரில் ஒட்டப்பட்டது.

பத்திரிகையில் படமும் வந்தது. வீரர்களின் மனைவியர் கூடாரம் தைக்கிறார்கள் என்று அடியில் போட்டிருந்தார்கள். ஆறு பேரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு, சாப்பிட முடியாமல் சிரித்தார்கள்.