அரைக் குளிசை

கடல் ஊருக்குள் வந்த மறுநாள் மத்தியானம் என் கணவரின் தம்பியும் அவர் மனைவியும் செட்டிபாளையத்திலிருந்து கரடியனாற்றுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுடைய வீடு போய்விட்டது. அவளுடைய தாயும் போய்விட்டார். மூன்றாம் நாள் தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மச்சாள், என்ட பிரஷர் குளிசையும் கடலோட போயிட்டு."

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பிரஷர் வருத்தம், ஒரே குளிசை, நாளுக்கு ஒன்று. என் கணவரின் பொட்டலத்தில் இருபத்திரண்டு இருந்தன. கிளினிக் பட்டணத்தில், வழியில் செக்பொயிண்ட். சவரப் பிளேட்டைச் சுடுநீரில் கழுவி ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினேன். காலையில் ஆளுக்குப் பாதி. விழுங்கிய நேரத்தை டயரியில் குறித்தேன். ஒரு பாதி மற்றப் பாதியைவிடச் சிறுத்துவிடாமல் வெட்டுவதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

மூன்று வாரத்தில் அவர்கள் கடற்கரைப் பக்கத்து முகாமுக்குப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து அவள் மட்டும் எங்களைப் பார்க்க வந்தாள். கையில் ஒரு பை நிறையக் குளிசை.

"கூடாரத்துக்கே வாறாங்ககா. ஒரு நாள் வெள்ளைக்காரர், மறுகா கொழும்பு ஆக்கள். ஒரே குளிசைய மூண்டு பேர் தாறாங்க. இவருக்கு ஒரு வருசத்துக்குக் காணும். அரைவாசிய நீங்க எடுங்க, அத்தானுக்கு."

"எங்கட ஆளுக்கு இரிக்கு. நீ கொண்டு போ," என்றேன்.

வீட்டில் இருந்தது எட்டு. அந்த மாதம் செக்பொயிண்டில் எங்களை இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இத்தனை வருட யுத்தத்தில் எங்கள் ஊருக்கு ஒரு வைத்தியரின் வேனும் வந்ததில்லை. அவர்களுக்கோ ஒரு காலையில் கடல் வந்ததும் கூடாரம், சைக்கிள், தையல் மெசின், வாசலிலேயே வைத்தியம். தாயை இழந்து வந்தவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அன்றைய டயரியில் அவள் வந்த நேரமும், சமைத்த சுங்கான் மீனும், அவள் போன பஸ்ஸும் இருக்கின்றன. பை இல்லை.

அதன் பிறகும் பாதிதான் கொடுத்தேன். கிளினிக்குக்குப் போக முடிந்த மாதத்தில் கிடைத்ததை இரண்டு மாதத்துக்கு இழுத்தேன். "தலை சுத்தல்லதானே, இது காணும்," என்று அவரும் சொன்னார். தலை சுற்றாவிட்டால் பிரஷர் இல்லை என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்பியிருந்தோம். பிறகு நாங்களே இடம்பெயர்ந்தோம். அந்த நாட்களில் பாதியும் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு மறுபடியும் பாதி.

யுத்தம் முடிந்து பாதை திறந்தபோது, வயல் வட்டை முழுவதற்கும் தண்ணீர் முறை சொல்லிக்கொண்டிருந்த என் கணவர் வாய்க்கால் தலைப்பில் நின்று, "இது ஆர்ர வயல்?" என்று கேட்டார். அது அவருடைய வயல். பகிடி என்று நினைத்துச் சனம் சிரித்தது. பிறகு ஒரு கால் இழுபட்டது. ஒரு நாள் நான் தேத்தண்ணி கொடுக்க, "நீங்க ஆர் வீட்டுப் புள்ள?" என்றார்.

தம்பிக்கோ எல்லாம் ஞாபகம். பள்ளிக்கூடத்தில் யார் யாரிடம் அடி வாங்கினார்கள் என்பது வரை சொல்லுவார். அவருடைய கிளினிக் குறிப்புக் கொப்பியை அவர் மனைவி மீன் பையில் போட்டு வைத்திருப்பாள். குளிசை நேரத்தை ஒரு வரி எழுதி வைக்காதவள். அவளுடைய கணவன் அவளைக் கூப்பிடும் குரல் கேட்டாலே எனக்கு நெஞ்சு எரியும்.

பட்டணத்துக் கிளினிக்குக்கு நால்வரும் போனோம். வைத்தியர் இளம் பெண். மூளையிலுள்ள சின்ன இரத்தக் குழாய்கள் வருடக்கணக்காக ஒவ்வொன்றாக அடைபட்டிருக்கின்றன என்றார்.

"குளிசை ஒழுங்காக் குடிச்சவரா?"

தம்பி முந்திக்கொண்டார். "எங்கட மச்சாள் டயரி போட்டுக் குடுக்கிறவ, டொக்டர். நீங்க தும்மினாலும் நேரத்தோட எழுதுவா."

ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். அவளும் பக்கத்தில் இருந்தாள்.

"அரைக் குளிசை," என்றேன். "நாலு வருசத்துக்கு மேல."

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். "ஏன் அம்மா?"

செக்பொயிண்டைச் சொன்னேன், தூரத்தைச் சொன்னேன். இரண்டும் உண்மை. பிறகு அவளைக் காட்டி, "இவ ஒருக்கா பை நிறையக் கொண்டுவந்து தந்தவ. நான்தான் பொறாமையில வேண்டாமெண்டுட்டன்," என்றேன்.

அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் வைத்தியர். உப்பு, பீடி, குளிசையே இல்லாத நாட்கள், எல்லாம் சேரும். "போனது திரும்பாது. இனி முழுசாக் குடுங்க. மிச்சத்தைக் காப்பாத்தப் பாப்பம்."

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். தம்பி மருந்து எடுக்க வரிசைக்குப் போனார். அவள் சொன்னாள்:

"நீங்க பொய் சொன்னது எனக்கு அண்டைக்கே தெரியும்கா. பொட்டலம் அடுப்படித் தட்டில கிடந்த. எண்ணிப் பாத்தன், எட்டு."

"மறுகா ஏன் வச்சிட்டுப் போகல்ல?"

"கோவம். என்ட அம்மா செத்துக் கிடைச்ச குளிசை, அதையும் முகத்தத் திருப்பி வேண்டாமெண்டுட்டீங்களே எண்டு."

அவள் அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவிலிருந்த என் கணவர் அவள் பக்கம் திரும்பி, அவளுடைய தலையில் கை வைத்தார்.

"என்ன புள்ள, தம்பி ஏசினவனா?"

அவளை அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். மிகவும் மரியாதையாக, "அம்மா, இவவுக்குக் கொஞ்சம் தண்ணி எடுத்துத் தாறீங்களா?" என்று கேட்டார்.

போத்தலை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். நிறைத்துக்கொண்டு திரும்பும்போதும் அவருடைய கை அவள் தலையில்தான் இருந்தது.