சாய்ந்து நின்ற வால்வு

மோட்டார் சைக்கிள் கடையில் எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். டயருக்குக் காற்றடிக்கிற வால்வை மட்டும் விற்க முடியாது. சுண்டுவிரல் நீளச் சாமான், அதிலும் பாதி சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டிப் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

எங்கள் கடை தலவாக்கலையில். பழுது பார்ப்பது என் வீட்டுக்காரரும், எங்களோடு சேர்ந்தே நரைத்துப்போன உதவியாள் மருதையும். சாமான் எடுத்துக் கொடுப்பதும் வந்தவர்களிடம் மன்றாடுவதும் நான். மலைப் பாதையில் காற்றுக் குறைந்த டயரோடு பிரேக் பிடித்து இறங்கினால், டயர் நழுவி உள்ளே இருக்கும் டியூபையும் இழுக்கும். நேராக நிற்க வேண்டிய வால்வு சாய்ந்துவிடும். ஒருநாள் அடி ரப்பர் பிய்ந்தால் மொத்தக் காற்றும் ஒரேயடியாகப் போய்விடும். அது முன்சக்கரமானால் நீங்கள் ரோட்டில் இருக்க மாட்டீர்கள், பள்ளத்துத் தேயிலைக்குள் கிடப்பீர்கள். அதனால்தான் பழைய ரப்பர் வால்வை எடுத்துவிட்டு, நட்டுப் போட்டு இறுக்குகிற பித்தளை வால்வை மாட்டச் சொல்வேன்.

நான்தான் சொல்வேன். அவர் சொல்ல மாட்டார். வாசலில் நிற்கும் அவருடைய சொந்த வண்டியிலேயே முன்வால்வு சம்பள நாள் குடிகாரனைப் போலச் சாய்ந்து நின்றது. அந்த வண்டியில்தான் வாரா வாரம் சாமான் கட்டிக்கொண்டு நுவரெலியா தாண்டி இறம்பொடை வளைவுகளில் இறங்குவார். கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஹோர்ன்

பக்கத்துத் தோட்டத்துக் கண்டாக்கையா, மலையில் வேலை மேற்பார்க்கிறவர், வெடிப்பு விட்டுச் சாய்ந்த வால்வோடு வந்தார். குனிந்து காட்டினேன். "ஐயா, இது ரொம்ப நாளைக்குத் தாங்காதுங்க" என்றேன். அவர் கண்ணெல்லாம் சுவரில் தொங்கிய ரப்பர் பந்து வைத்த ஹோர்ன் மேல். அமுக்கிப் பார்த்தார். ரோட்டில் படுத்திருந்த ஆடு எழுந்து ஓடியது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஹோர்னை மாட்டி முடித்த பிறகும் விடாமல் வால்வைச் சொன்னேன். வாசலில் நின்ற எங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "ஒங்க வீட்டுக்காரரு வால்வும் சாஞ்சுதானே நிக்குது தங்கச்சி? அவரு விழுந்த பிற்பாடு வந்து மாத்திக்கிறேன்."

எச்சில்

வால்வில் காற்று கசிகிறதா என்று பார்க்க இந்தப் பக்கமெல்லாம் ஒரே வழிதான். விரல் நுனியில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைப்பது. குமிழி வந்தால் கசிவு. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் ஐயாவின் வண்டியில் மருதை விரலைக் கொண்டுபோனதுதான் தாமதம், ஐயா குதித்தார். "முருகன் ஒக்காந்திருக்கிற வண்டிடா! எச்சியையா வைக்கிற, படுபாவி!" பெட்ரோல் டாங்கியில் படம் ஒட்டியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். எந்தக் குழாய், யார் பிடித்தது, செம்பு எதற்குப் புழங்குவது என்று விசாரணை நடந்தது. கடைசியில் ஒரு சொட்டு வைத்தோம். உலைநீர் போலக் கொப்புளித்தது. "பாத்தீங்களா ஐயா, மாத்திடுங்க" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து திருநீற்றை எடுத்து வால்வுக்கே பூசிவிட்டு வண்டியில் ஏறினார். "எனக்கு முருகன் இருக்கான். ஒங்க வீட்டுக்காரரு வண்டியில ஒரு படங்கூட இல்லையேம்மா."



பளபளப்பு

பித்தளை வால்வை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டவர் தோட்டத்தை நிர்வகிக்கிற ஒரு பெரிய துரை மட்டுமே. நாலு பேருக்கு உதாரணம் காட்ட ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வாரத்தில் காற்று இறங்கிவிட்டது. காற்றடித்துக் கொடுத்தோம், மறுபடியும் இறங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் பங்களாவில் சமையல் பார்க்கும் அப்பு. வால்வு கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

விசாரித்தால், தினமும் காலையில் கதவுக் குமிழ், சாப்பாட்டு மணியோடு இதையும் புளி போட்டுத் தேய்க்கிறாராம். மூடியைக் கழற்றி, உள்ளே காற்றைப் பிடித்து நிறுத்தும் ஊசியையும் கழற்றித் தேய்த்து, கைக்கு வந்தபடி திரும்பப் போடுவாராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பங்களாவுல பித்தளைன்னு ஒண்ணு இருந்தா அது மின்னணும். காத்து நிக்கணும்னு எனக்கு யாரும் ஆர்டர் போடலம்மா."

எங்கள் வண்டி

மழை பிடித்துக்கொண்டது. "அடுத்த வாரம் மாத்துறேன்டி" என்று அவர் சொன்ன அடுத்த வாரங்கள் போய்க்கொண்டே இருந்தன. அவர் இறம்பொடை போகிற நாட்களில் அந்தப் பக்கமிருந்து வருகிற பஸ் டிரைவர்களிடமெல்லாம், "எங்க வீட்டு ஆளைக் கண்டீங்களா?" என்று கேட்பேன். அவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு துக்க வீட்டுக்கு அவர் ரயிலில் அட்டன் போன அன்று, மருதையை முன்சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். "மொதலாளி ஏசுவாரு அக்கா" என்று தயங்கினார். "ஏசுறதுக்காவது ஆளு இருக்கட்டும், கழட்டு" என்றேன். டியூபை வெளியே எடுத்ததும் மருதை என்னிடம் நீட்டிக் காட்டினார். வால்வின் அடியில் ரப்பர் சுற்றிலும் பிளந்து ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மருதை லேசாகத் தொட்டார், கையோடு வந்துவிட்டது.

புதுப் பித்தளை வால்வை மாட்டினோம். மின்னினால் கண்டுபிடித்துக் கத்துவாரே என்று கிரீஸும் சேறும் பூசி, பழைய துருப்பிடித்த மூடியையே போட்டேன். மறுநாள் அவர் பனிமூட்டத்தில் இறம்பொடைக்குப் போனார். சாயங்காலம் நனைந்து திரும்பி வந்து, வண்டியை நிறுத்தி, முன்டயரைக் காலால் தட்டினார். "பிய்ஞ்சிரும் பிய்ஞ்சிரும்னு உசிரை வாங்குனியே, பாத்தியா? அதே வால்வுதான். சாஞ்சதுகூடத் தானா நிமிந்துருச்சு!" மருதை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து வால்வு மாற்ற வருகிற ஒன்றிரண்டு பேரையும் அவரே தன் வண்டியைக் காட்டி, "பழசே போதும்" என்று திருப்பி அனுப்புகிறார். நான் வாங்கி வைத்த பித்தளை வால்வுகள் பெட்டியில் களிம்பேறிக் கிடக்கின்றன.