அரைக் கிலோ மண்

காலை 6.10. மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பேருந்து ஏறினேன். எழுபத்தாறு கிலோமீட்டர். ஆண்டிபட்டியில் வண்டி நின்றபோது, தேநீரில் சர்க்கரை போடவில்லையே என்று கடைக்காரரிடம் மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் குடித்தேன். சனிக்கிழமை எனக்கு ரத்தப் பரிசோதனை. அதற்காக எப்போதும்போல மூன்று நாளாக இனிப்பைத் தொடவில்லை.

தேவாரம் என்ற ஊரில் என் அக்கா செல்வராணி முக்கால் ஏக்கரில் வாழை வைத்திருக்கிறாள். போன வருடம் வாங்கிய மண்வள அட்டை, எல்லாச் சத்தும் போதுமான அளவு இருப்பதாகச் சொன்னது. அதை நம்பி உரத்தைக் குறைத்தாள், தார் சிறுத்துப்போய்விட்டது. அட்டையே தப்பு என்கிறார் உரக்கடைக்காரர். யாரோ ஒருவர் பொய் சொல்கிறார், அது யாரென்று தெரியாமல் திரும்புவதில்லை என்றுதான் கிளம்பியிருந்தேன். யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை நான்.

8.30. தேனியிலிருந்து போடி வழியாகத் தேவாரம். இறங்கியதும் நேரே அந்த உரக்கடைக்குப் போனேன்.

"பொட்டாஷ் போடாம வாழை காய் தெரளாதுங்கய்யா. மண்ணை யாரு எங்கன எடுத்தாகளோ" என்றார் கடைக்காரர். பேசிக்கொண்டே, நான் கேட்காத ஒரு பாட்டிலையும் மேசைமேல் எடுத்து வைத்தார். விற்கிறவர் வேறென்ன சொல்வார்? பொய் சொல்வது இவர்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

10.30. தோட்டம். மரங்களின் அடியிலைகள் ஓரத்தில் மஞ்சளாகித் தீய்ந்திருந்தன. குலை தள்ள ஒரு மாதம்தான் இருக்கிறது. அதற்குள் சரியான உரம் போகாவிட்டால் இந்த வருடமும் அக்காவுக்கு ஒன்றும் மிஞ்சாது.

"போன வருசம் மண்ணை எங்கன எடுத்தக்கா?"

"அந்தா, அந்த மூலையில."

அது ஆட்டுக்கிடை போட்ட மூலை. மந்தை ஆடுகளை நாலு நாள் அடைத்துவைத்து எருவேற்றிய இடம்.

"அங்கன ஏன் எடுத்த?"

"ஆபீசுக்குப் போற மண்ணாச்சே. இருக்கதுல நல்லதாப் பாத்துத்தான எடுக்கணும். மட்டமானதையா காட்டுறது?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. மண்வெட்டியை வாங்கி, கிடை போட்ட மூலையை விட்டுவிட்டு, பத்து இடங்களில் ஓரடி ஆழம் நானே வெட்டினேன். எல்லா மண்ணையும் கலந்து அரைக் கிலோவைத் துணிப்பையில் போட்டேன். நான் மோட்டாரடியில் கை கழுவி வருவதற்குள் அக்கா பையின் வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

பிற்பகல் 2.50. தேனி மண் பரிசோதனை நிலையம். மேசையில் இருந்த பெண் மண்ணைத் தாளில் கொட்டினார். கருத்த உருண்டைகள் மூன்று உருண்டு வந்தன.

"ஆட்டுப் புழுக்கை கெடக்கு சார். கிடை போட்ட எடத்துல எடுத்தீகளா?"

"இல்லைங்க. நானே வெட்டி எடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் துளி நம்பிக்கை இல்லை. காலையில் உரக்கடைக்காரரை நான் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

அந்த மண்ணை வெளியே கொட்டிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கிடை மண்ணு ரெண்டு கைதாம்லே அள்ளிப் போட்டேன்" என்றாள். "ரொம்ப வெளுத்துக் கெடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு."

"போன வருசத் தாரு சிறுத்தது இதனாலதானக்கா."

 "திரும்ப வா. இந்த வாட்டி நான் பையத் தொடல" என்றாள்.

தேவாரம் பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. மதுரையில் என் வீட்டு அலமாரியிலும் மூன்று வருடத்து ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கிறது. என் கால்விரல்கள் மரத்துப்போவது மட்டும் ஏனென்று எந்த மருத்துவருக்கும் பிடிபடவில்லை.

காலிப் பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனேன்.

"சர்க்கரை போடவாய்யா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு கரண்டி போடுங்க" என்றேன். "எப்பவும் அப்படித்தான் குடிக்கிறது."